எந்தப் பிள்ளையார்குப்பம்?

(முன்குறிப்பு: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு, கொஞ்சம் வயித்தெரிச்சல் பதிவு. கட்டளைகளையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா விளங்கிடும். பொட்டி தட்டாத நண்பர்களும் தைரியமா படிக்கலாம்.)

எங்க ஊர்ப் பக்கம் யாராவது "பிள்ளையார்குப்பத்துல பொண்ணு எடுத்திருக்கோம்"னு சொன்னா, வாழ்த்து சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி வரும். "எந்தப் பிள்ளையார்குப்பம்?" வில்லியனூர் கொம்யூன்ல ஒரு பிள்ளையார்குப்பம் இருக்கு. பாகூர் கொம்யூன்ல, கடலூர் ரோட்டு மேல, மெடிக்கல் காலேஜ் இருக்கற இன்னொரு பிள்ளையார்குப்பம் இருக்கு. ரெண்டும் புதுச்சேரிதான். ஆனா ஒண்ணுக்குப் போக வேண்டியவன் இன்னொண்ணுல இறங்கினா அரை நாள் போச்சு.

எனக்கு அரை நாள் இல்ல, மூணு நாள் போச்சு. அதுவும் பஸ் ஏறாமலே, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தபடியே. அந்தக் கதை பின்னாடி வருது. முதல்ல சண்டையைச் சொல்லிடறேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துல பழைய நண்பர் ஒருத்தரைப் பார்த்தேன். இப்ப ஒரு கல்லூரியில கம்ப்யூட்டர் வாத்தியார். பந்தியில பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "டைரக்டரிக்கு டைரக்டரி தாவறதுக்கு ஒரு கருவி வெச்சிருக்கேன், பேரு ஸாக்ஸைடு, பிரமாதம்"னு ஆரம்பிச்சேன். மனுஷன் ரசத்தை உறிஞ்சிக்கிட்டே சொன்னார்: "இன்னுமா அந்தக் கருப்புத் திரையைக் கட்டிக்கிட்டு அழறே? மவுஸ் இருக்கு, கிளிக் பண்ணு. இப்ப ஏஐ வேற வந்தாச்சு, வாயால சொன்னாப் போதும். நம்ம பசங்களுக்கு ஜாவாவும் கொஞ்சம் இங்கிலீஷும் வந்தா வேலை கெடைச்சுடும். சிடி கட்டளையில என்னப்பா சரித்திரம் இருக்கு?"

பாயசம் இறங்கல எனக்கு. பந்தியில சண்டை போட்டா நல்லா இருக்காதுன்னு எழுந்து வந்துட்டேன். அங்க சொல்லாத பதிலை இங்க சொல்றேன். ஐயா, சிடி கட்டளையில அரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கு. அதைச் சொல்லிக்கொடுக்காததாலதான் நம்ம பசங்க கருவி வாங்கறவங்களாவே இருக்காங்க, செய்யறவங்களா ஆகல.

நின்னுபோன கட்டளை

1969-70 வாக்குல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7ங்கற பழைய பொட்டியில யூனிக்ஸை எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொரு ப்ராசஸை உண்டாக்கற வசதியை (ஃபோர்க்) சேர்த்தாங்க. அதுக்குத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்பிளி. ஒரே கொண்டாட்டம். அப்பத்தான் கவனிச்சாங்க, டைரக்டரி மாத்தற கட்டளை (அப்ப அதுக்குப் பேர் சிஎச்டிர்) வேலை செய்யலை! நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு நின்னு போச்சு. ரிட்சியே பின்னாடி எழுதின யூனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில இதைச் சொல்லியிருக்கார்.

ஏன் நின்னுச்சு? ஃபோர்க் வந்தப்புறம் ஒவ்வொரு கட்டளைக்கும் ஷெல் ஒரு பிள்ளை ப்ராசஸை அனுப்புது. சிஎச்டிரும் அப்படி ஒரு பிள்ளைதான். அது சமர்த்தா தன்னோட டைரக்டரியை மாத்திக்கிச்சு, செத்தும் போச்சு. அம்மா உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கா. மகன் பாகூருக்குப் போனா அம்மாவும் பாகூருக்குப் போன மாதிரி ஆகுமா? அதனால அந்த ஒரு கட்டளையை மட்டும் ஷெல்லுக்கு உள்ளயே வெச்சாங்க. அம்மாவே எழுந்து நடக்கணும். 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புல அதுக்கு சிடின்னு சின்னப் பேரும் வந்துச்சு.

இப்ப எங்க அக்கா பொண்ணு கதை. பாகூர்ப் பக்கத்துக் கிராமம், கம்ப்யூட்டர் படிக்கிறா. போன வருஷம் லேப்ல ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கா. உள்ள ஒரு சிடி. ஓட்டிப் பார்த்தா டைரக்டரி மாறவே இல்லை. "ஏன் சார்?"னு கேட்டிருக்கா. "முன்னாடி சோர்ஸ்னு போட்டு ஓட்டு, மாறிடும், ரெக்கார்டுல எழுதிக்கோ"ன்னு பதில். மாறிடுச்சு. மார்க்கும் வந்துடுச்சு. 'ஏன்' மட்டும் வரலை. அவளோட ரெக்கார்டு நோட்டை நானே பார்த்தேன். "சிடி - டைரக்டரியை மாற்றும்." ஒரே வரி. கோடு போட்டு, பச்சை மையில கையெழுத்து.

மக்களே, அந்தப் பொண்ணு தன்னை அறியாம 1970-ல பெல் லேப்ஸ் முட்டின அதே சுவத்துல முட்டியிருக்கா! "நீ முட்டினது ரிட்சி முட்டின சுவரும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ வாழ்க்கைக்கும் மறக்க மாட்டா. அதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? ப்ராசஸ், பிள்ளை ப்ராசஸ், ஷெல்லோட உள்கட்டளைன்னு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துல பாதி அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருக்கு.

புஷ்டியான ஆசாமிகள்

சரி, சிடி வந்தாச்சு. அப்புறம்? நீளமான பாதையை ஒவ்வொரு தடவையும் அடிக்கக் கை வலிச்சவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க.

பெர்க்லியில பில் ஜாய் எழுதின சி-ஷெல்லுல புஷ்டி, பாப்டின்னு ரெண்டு கட்டளை உண்டு. (புஷ்டின்னதும் பாதாம் பால் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.) இப்ப இருக்கற இடத்தை அடுக்குல வெச்சுட்டு வேற இடத்துக்குப் போறது புஷ்டி. அடுக்குல இருந்து எடுத்துத் திரும்பி வர்றது பாப்டி. இந்த அடுக்கு பில் ஜாய் செஞ்சது இல்லை. ஆஸ்திரியாவுல லாக்ஸன்பர்க்னு ஒரு ஊர், அங்க ஒரு ஆராய்ச்சி நிறுவனம், அதுல ஜிம் கல்ப்னு ஒருத்தர். சி-ஷெல் கையேட்டோட கடைசியில அவர் பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்காங்க. எங்கயோ இருக்கற ஒரு பயனர் தன் தொந்தரவுக்குச் செஞ்சது, உலகத்துக்கே போய்ச் சேர்ந்துச்சு.

அப்புறம் டேவிட் கார்னோட கார்ன் ஷெல்லுல 'சிடி கோடு' வந்துச்சு. சிடிக்குப் பக்கத்துல ஒரு மைனஸ் போட்டா இதுக்கு முன்னாடி இருந்த இடத்துக்குத் திரும்பிடலாம். டிவி ரிமோட்டுல பழைய சேனலுக்குத் தாவற பட்டன் மாதிரி. சிடிபாத்னு ஒண்ணு வந்துச்சு. "இந்த இந்த இடத்துல எல்லாம் தேடிப் பாரு"ன்னு முன்கூட்டியே எழுதி வெச்சுடலாம்.

டாஸ் காலத்து ஆளுங்களுக்கு நார்ட்டன் யுடிலிட்டீஸ்ல இருந்த என்சிடி ஞாபகம் இருக்கும். மொத்த டிஸ்க்கையும் ஒருதடவை அலசி, டைரக்டரி மரத்தை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். பேர்ல பாதி அடிச்சாப் போதும், கொண்டுபோய் விட்டுடும். அட, 1980-கள்லயே தாவல் வந்துடுச்சே! ஆனா அதுக்கு ஒண்ணு தெரியாது. மரத்துல என்ன இருக்குன்னு தெரியும், நீ எங்க அடிக்கடி போறேன்னு தெரியாது. ரெண்டு பிள்ளையார்குப்பம் இருந்தா முதல்ல கண்ணுல பட்டதுக்குக் கூட்டிக்கிட்டுப் போகும். தப்புன்னா இன்னொரு தடவை கேக்கணும். ஊருக்குப் புதுசா வந்த ஆட்டோக்காரர் மாதிரி.

அடிக்கடியும் அண்மையும்

நம்ம பழக்கத்தைக் கவனிச்சுக்கற ஆட்டோக்காரர் 2008 வாக்குல வந்தார். ஜோயல் ஷேரர்ங்கறவர் பைத்தான்ல எழுதின ஆட்டோஜம்ப். நீ எந்த டைரக்டரிக்குப் போனாலும் அதோட எடையைக் கொஞ்சம் கூட்டும். பேர்ல ஒரு துண்டு சொன்னா எடை கூடின இடத்துக்குத் தாவும். நல்ல யோசனை. ஆனா ஒவ்வொரு தடவை ப்ராம்ப்ட் வரும்போதும் பின்னாடி ஒரு பைத்தான் எழுந்து உக்காரணும். என் பழைய பொட்டியில அந்தப் பைத்தான் முனகறது எனக்கே கேக்கும்.

2009-ல ரூபாங்கற பேர்ல எழுதறவர் 'இசட்'டைப் போட்டார். ஷெல்லும் ஆக்கும் மட்டும் வெச்சு எழுதின ஒரே ஒரு ஃபைல், சில நூறு வரி. அதே காலத்துல ஃபயர்பாக்ஸ் 3 (2008) முகவரிப் பட்டையில ஒரு கணக்கு வந்திருந்துச்சு. அடிக்கடி போற இடமா, சமீபத்துல போன இடமா, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கற கணக்கு. இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையை ஒட்டி ஃப்ரீசென்ஸின்னு பேர் வெச்சாங்க. நான் 'அடிக்கடியண்மை'ன்னு சொல்லுவேன். (சிரிக்காதீங்க, நல்ல பேர் இருந்தா பின்னூட்டத்துல தாங்க.)

இசட்டோட கணக்கு பெட்டிக்கடைக் கணக்கு மாதிரி எளிசு. ஒரு டைரக்டரிக்கு எத்தனை புள்ளி இருக்கோ, அங்க கடைசியா போய் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா நாலால பெருக்கு. ஒரு நாளுக்குள்ளன்னா ரெண்டால பெருக்கு. ஒரு வாரத்துக்குள்ளன்னா ரெண்டால வகு. அதுக்கும் மேலன்னா நாலால வகு. (பின்னாடி ரூபா இதை வழுவழுன்னு குறையற ஒரே சூத்திரமா மாத்தினார். ஸாக்ஸைடு இன்னும் இந்தப் படிக்கட்டுக் கணக்கைத்தான் வெச்சிருக்கு.)

நம்ம ஊர்க் கணக்குல போடுவோம். வில்லியனூர் பிள்ளையார்குப்பத்துக்கு 40 புள்ளி, ஆனா போய் ரெண்டு வாரம் ஆச்சு. 40-ஐ நாலால வகுத்தா 10. பாகூர் பிள்ளையார்குப்பத்துக்கு வெறும் 6 புள்ளி, ஆனா அரை மணி முன்னாடிதான் போனேன். 6-ஐ நாலால பெருக்கினா 24. பாகூர் ஜெயிச்சுது! டீக்கடையில "பிள்ளையார்குப்பத்துல என்னாச்சு?"ன்னு ஒருத்தர் கேட்டா, காலையில எந்த ஊரைப் பத்திப் பேசினோமோ அதைத்தானே நாமளும் நினைச்சுக்கறோம்? அதே மனக்கணக்குதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. இந்த ஞாபகம் எல்லாம் எங்க இருக்கு? வீட்டு டைரக்டரியில 'புள்ளி இசட்'னு ஒரு ஃபைல். திறந்து பார்த்தா இப்படி இருக்கும்:

/வேலை/பாகூர்/பிள்ளையார்குப்பம்|6|1735689600

பாதை, புள்ளி, கடைசியா போன நேரம் (1970 ஜனவரி 1-ல இருந்து எண்ணின விநாடி). அவ்வளவுதான். புள்ளியெல்லாம் சேர்ந்து 9000-த்தைத் தாண்டினா எல்லாத்தையும் 0.99-ஆல பெருக்கும். ஒண்ணுக்குக் கீழ போனது மறந்துபோகும். மறக்கத் தெரிஞ்ச மெஷின்! நீங்க கையாலயே ஒரு வரியை அழிக்கலாம், ஃபைலையே தூக்கிப் போடலாம், யாரையும் கேக்க வேணாம்.

இப்ப உங்க பாக்கெட்ல இருக்கற போனை எடுத்துப் பாருங்க. அதுக்கும் நீங்க எங்க அடிக்கடி போறீங்கன்னு தெரியும். அந்தக் கணக்கை அது எங்க எழுதி வெச்சிருக்கு? எந்தப் புள்ளியை எதால பெருக்குது? எப்ப மறக்கும்? ஒரு வரியை அழிக்க முடியுமா? பழக்கத்தைக் கவனிக்கற கருவின்னாலே வேவு பார்க்கற கருவிதான்னு நாம பழகிட்டோம். அப்படி இருக்கணும்னு அவசியமே இல்லைங்கறதுக்கு இந்த மூணு காலம் வரியே சாட்சி. என் நண்பர் "வாயால சொன்னாப் போதும்"னு சொல்ற உலகத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான் இருக்கு.

மூணு நாள் போன கதை

எல்லாத்தையும் புகழ்ந்துட்டுப் போனா அது விளம்பரம். என் பக்கத்துத் தப்பையும் சொல்லிடறேன்.

வில்லியனூர்ல மாடவீதிக்குப் பக்கத்துல ஒரு டிடிபி கடையில எனக்கு வேலை. ஜெராக்ஸ், டைப்பிங், பழைய பத்திரத்தை ஸ்கேன் பண்றது. 1954-ல பிரெஞ்சுக்காரங்க கிளம்பினாலும் அவங்க காகிதம் கிளம்பலை. நொத்தேர் எழுதின பிரெஞ்சுப் பத்திரத்தைத் துணியில சுத்தி டிரங்குப் பெட்டியில வெச்சிருக்கற குடும்பங்கள் இன்னும் உண்டு. எல்லாத்தையும் கொம்யூன், ஊர், குடும்பம்னு டைரக்டரி போட்டு வெச்சிருப்பேன்.

2019-ல ஒரு சாயங்காலம். வில்லியனூர் பிள்ளையார்குப்பத்துல ஒரே பத்திரத்தை ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணிட்டேன், பழசை அழிக்கணும். இசட் போட்டு 'பிள்ளை'ன்னு அடிச்சேன். தாவிடுச்சு. எங்க தாவினேன்னு பார்க்கலை. டிஃப் ஃபைல் மொத்தத்தையும் அழிக்கற கட்டளை, என்ட்டர். முடிஞ்சுது.

அழிஞ்சது பாகூர் பிள்ளையார்குப்பம். மத்தியானம்தான் அங்க வேலை செஞ்சிருந்தேன், அதனால புள்ளி கூடி இருந்துச்சு. அறுபது பக்கத்துக்கு மேல. ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அந்த வீட்டுப் பாட்டி அந்தப் பெட்டியைத் திறக்கவே முதல் தடவை எவ்வளவு யோசிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். மறுநாள் பஸ் புடிச்சுப் போயி, திண்ணையில நின்னு, "பாட்டி, தப்பு என்னோடது, இன்னொரு தடவை கொடுங்க"ன்னு கேட்டேன். பாட்டி ஒண்ணும் திட்டலை. "கம்ப்யூட்டர்ல போட்டா அழியாதுன்னியே தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தாத் தேவலாம் போல இருந்துச்சு. பெட்டி வெளிய வர ரெண்டு நாள் ஆச்சு, திரும்ப ஸ்கேன் பண்ண ஒரு நாள்.

இதைக் கேட்டா என் வாத்தியார் நண்பர், "பார்த்தியா, நான் சொல்லலை?"ம்பார். சொல்லட்டும். ஆனா பாடம் வேற. கருவி சொல்லாமத் தாவுது, அதுதான் ஆபத்துன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது? அதோட கணக்கு எனக்குத் தெரியும், புள்ளி ஃபைலைத் திறந்து பார்த்தேன், பாகூர் ஏன் ஜெயிச்சுதுன்னு பேனாவால கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். அன்னிலேர்ந்து அழிக்கறதுக்கு முன்னாடி எங்க நிக்கறேன்னு பார்க்காம கை நகராது. ஏஐ வந்தா இந்தத் தொல்லை போயிடுமா? இன்னிக்கு நிரல் எழுதற ஏஐ உதவியாளர்கள் என்ன செய்யுதுங்கன்னு கவனிச்சீங்களா? அதே கருப்புத் திரையைத் திறந்து, அதே சிடியை அடிச்சு, அதே அழிக்கற கட்டளையை அடிக்குதுங்க. "செய்யட்டுமா?"ன்னு ஒரு கேள்வி கேக்கும். அப்ப "எந்தப் பிள்ளையார்குப்பம்?"னு திருப்பிக் கேக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமா, வேணாமா? சிடி தெரியாத பையன் என்னத்தைக் கேப்பான்? ஆமாம்னு அமுக்குவான்.

மறுபடியும் அதே சுவர்

2020-ல அஜீத் டிசோசாங்கறவர் ரஸ்ட் மொழியில ஸாக்ஸைடை வெளியிட்டார். நடுவுல ஃபாஸ்ட், இசட் டாட் லுவான்னு ரெண்டு மூணு பேர் வந்து போனாங்க. எல்லாரும் முன்னாடி இருந்தவங்ககிட்ட எடுத்து, மேல கொஞ்சம் சேர்த்தவங்கதான். ஸாக்ஸைடு பயங்கர வேகம், எந்த ஷெல்லா இருந்தாலும் ஒத்துப்போகும். ரெண்டு துண்டு சொல்லலாம். 'பாகூர் பிள்ளை'ன்னா பாதையில பாகூர் முதல்ல வந்து, கடைசிப் பேர்ல பிள்ளை இருக்கணும். கல்யாண வீட்டுக் கேள்விக்கு நேரான பதில்! தாவறதுக்கு முன்னாடி எங்க போறேன்னு சொல்லிட்டுப் போற அமைப்பும் உண்டு. நான் அதைப் போட்டு வெச்சிருக்கேன். பாட்டி புண்ணியம்.

ஆனா ஒரு வேடிக்கை. அவ்வளவு வேகமான ரஸ்ட் நிரலாலயும் உங்க டைரக்டரியை மாத்த முடியாது! அதுவும் ஒரு பிள்ளை ப்ராசஸ்தானே? அது செய்யறது ஒண்ணே ஒண்ணு, போக வேண்டிய பாதையைச் சொல்லிட்டுச் செத்துப்போறது. நடக்கறது பழைய சிடிதான். அதுக்காகத்தான் ஸாக்ஸைடை நிறுவும்போது ஷெல் அமைப்புல ஒரு வரி சேர்க்கச் சொல்றாங்க. அந்த வரி ஷெல்லுக்குள்ள ஒரு குட்டி ஃபங்ஷனை வைக்குது, அந்த ஃபங்ஷன் சிடியைக் கூப்பிடுது. 1970-ல ரிட்சி முட்டின சுவர், 2020-லயும் அங்கயே நிக்குது. அக்கா பொண்ணுகிட்ட இதைச் சொன்னப்ப ஒரு நிமிஷம் சும்மா இருந்தா. அப்புறம், "மாமா, அப்ப என் ஸ்கிரிப்ட் தப்பு இல்லையா?"ன்னு கேட்டா. தப்பே இல்லைம்மா. உன் லேப்தான் தப்பு.

நம்ம சுவர்

இப்ப கடைசி விஷயம். இது உங்களுக்காகவே வெச்சது. திஸ்கி, தாப், தாம்னு எழுத்துருச் சண்டை போட்டு வளர்ந்த கூட்டம் நாம. எ-கலப்பை பிடிச்சு உழுது, சுரதா மாத்தியில போட்டு யுனிகோடுக்கு வந்தவங்க. இந்த வலி உங்களுக்குத்தான் புரியும்.

பாகூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையில கொம்மந்தான்மேடுன்னு ஒரு ஊர். படுகை அணை இருக்கற ஊர். அந்தப் பேர்ல ஒரு டைரக்டரி. தினமும் போறேன், புள்ளி ஏறுது. ஆனா 'கொம்ம'ன்னு அடிச்சா "அப்படி ஒண்ணும் இல்லை"ங்குது! கண்ணால பார்க்கறேன், எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு. தலையைப் பிச்சுக்கிட்டேன்.

அந்த ஃபோல்டர் வேற ஒருத்தரோட பழைய ஆப்பிள் கணினியில இருந்து வந்தது. 'கொ'வை யுனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். ககரம் கூட முழு ஒகரக் குறியைச் சேர்க்கறது ஒண்ணு. ககரம், ஒற்றைக் கொம்பு, கால்னு தனித்தனியா சேர்க்கறது இன்னொண்ணு. திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. உள்ள இருக்கற எண்கள் வேற. ஆப்பிளோட பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பேர்களைப் பிரிச்சுத்தான் வைக்கும். என் விசைப்பலகை சேர்த்து அடிக்குது. தாவற கருவி எண்களைத்தான் ஒப்பிடுது. எண் வேற, அப்ப ஊரும் வேற. கொ, கோ, கௌ மூணுக்கும் இதே கதி. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காம தேடத் தெரிஞ்ச கருவிக்கு நம்ம கொம்பும் காலும் தெரியலை.

அஜீத் டிசோசாவையோ ரூபாவையோ குத்தம் சொல்ல முடியுமா? அவங்க டைரக்டரியில கொம்மந்தான்மேடு இல்லை. தொந்தரவு யாருக்கோ, தீர்வும் அவங்ககிட்டதான். லாக்ஸன்பர்க்ல இருந்தவர் தன் தொந்தரவைத் தானே தீர்த்துக்கிட்டார். பைத்தான் முனகலைப் பொறுக்காதவர் ஷெல்லுல எழுதினார். நம்ம தொந்தரவை எவனோ வந்து தீர்ப்பான்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான்.

அக்கா பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தா. ரெண்டு சின்ன வேலை. ஒண்ணு, பிரிஞ்சு கிடந்த பேர்களை ஒருதடவை சேர்த்து எழுதி டைரக்டரிகளுக்குப் பேர் மாத்தற ஸ்கிரிப்ட். இன்னொண்ணு, நான் அடிக்கற சொல்லையும் அதே மாதிரி சேர்த்துட்டு அப்புறம் ஸாக்ஸைடுகிட்ட கொடுக்கற ஃபங்ஷன். பத்துப் பன்னெண்டு வரி. முதல் தடவை தனி ஸ்கிரிப்டா எழுதி ஓட்டினா, ஊர் கிடைச்சுது, ஆனா டைரக்டரி மாறலை. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவளே, "ஓ, பிள்ளை செத்துப்போச்சு"ன்னு சொல்லிக்கிட்டே அதை ஷெல்லுக்குள்ள ஃபங்ஷனா மாத்தினா.

ரெக்கார்டு நோட்டுல அந்த வரி இல்லை. யாரும் மார்க் போட மாட்டாங்க. ஆனா 'கொம்ம'ன்னு அடிச்சா இப்ப என் பொட்டி கொம்மந்தான்மேட்டுக்குப் போகுது. பாகூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி போட்ட ரோடு அது.

வாத்தியார் நண்பரே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும் (பந்தியில விலாசம் கொடுத்தேனே). ஜாவா சொல்லிக்கொடுங்க, வேண்டாம்னு சொல்லலை. வேலை முக்கியம், வயிறு முக்கியம், எனக்கும் தெரியும். ஆனா அடுத்த லேப்ல ஒரு பொண்ணோ பையனோ "டைரக்டரி ஏன் மாறலை சார்?"னு கேட்டா, சோர்ஸ் போட்டு ஓட்டச் சொல்லி அனுப்பிடாதீங்க. ரெண்டு நிமிஷம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. அந்தக் கேள்வி அம்பது வருஷமா நடந்து உங்க லேபுக்கு வந்திருக்கு.

பதிவர் மக்களே, உங்க டைரக்டரியிலயும் இப்படிக் கண்ணுக்குத் தெரிஞ்சும் கைக்குச் சிக்காத ஊர் ஏதாவது இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைகள்ல எங்க வீட்டுல ஒரு ஆள் சும்மாதான் இருக்கா :-)

டிஸ்கி 1: இசட்டோட உரிமத்தின் பேரைத் தமிழ்ல மொழிபெயர்த்தா இந்தப் பக்கத்தைக் குடும்பத்தோட படிக்க முடியாது. சுருக்கமா, "உனக்கு என்ன தோணுதோ செஞ்சுக்கோ"ன்னு அர்த்தம்.

டிஸ்கி 2: பாட்டியோட பத்திரங்கள் பத்திரமா இருக்கு. மூணு இடத்துல காப்பி. அதுல ஒண்ணு பாட்டியோட டிரங்குப் பெட்டியிலயே, பென் டிரைவ்ல, துணியில சுத்தி.